கொட்டாஞ்சேனைக்கு இரண்டு போத்தல்

கொழும்புக்கு நான் போனது மாப்பிள்ளை வீடு பார்க்க. மாப்பிள்ளை அந்த வீட்டில் இல்லை, தோஹாவில் இருந்தார். என் மகள் நிவேதாவும் தோஹாவில்தான். ஒரே அலுவலகம், ஒரே கேன்டீன். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். பையன் பெயர் ரொஷான், கொழும்பில் கொட்டாஞ்சேனைப் பகுதிக் கத்தோலிக்கத் தமிழர். கிறிஸ்துமஸுக்கு இரண்டு பேருக்கும் லீவு கிடைக்கவில்லை. "நீயாவது போய் அவங்க வீட்டுல ஒரு வேளை சாப்பிட்டுட்டு வாம்மா" என்றாள் மகள். அவள் அப்பா வரவில்லை. கோபமெல்லாம் இல்லையாம், முழங்கால் வலியாம். மதம் பார்த்து வலிக்கிற முழங்காலை நான் அப்போதுதான் பார்த்தேன்.

கிறிஸ்துமஸ் விருந்துக்கு வெறுங்கையோடு போக முடியாது. என்ன கொண்டுபோவது என்று மகளையே கேட்டேன்.

"வைன் கொண்டு போம்மா. சிவப்பு ஒண்ணு, வெள்ளை ஒண்ணு. ரொம்ப விலை கொறஞ்சதா வாங்காத, அவமரியாதை. ரொம்ப விலை கூடினதும் வேண்டாம், பயந்துடுவாங்க."

இந்த அறிவுரையை அவள் புடவைக்குச் சொல்லியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியிருப்பேன். நான் திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் வேதியியல் எடுக்கிறவள். சர்க்கரை புளித்து ஆல்கஹால் ஆவதை எத்தனையோ வருஷமாகக் கரும்பலகையில் எழுதிவருகிறேன். ஆனால் அந்த வஸ்து ஒரு சொட்டுகூட நாக்கில் பட்டதில்லை. கல்யாணமே ஆகாத ஜோசியர் பொருத்தம் பார்க்கிற மாதிரிதான் எனக்கும் அதற்கும் உள்ள உறவு.

விமான நிலையத்திலேயே வாங்கியிருக்கலாமே என்பீர்கள். அங்கும் போனேன். கடைப் பெண் சிரித்த முகமாக "ட்ரையா மேடம், ஸ்வீட்டா?" என்று கேட்டாள். ஒரு திரவம் எப்படி உலர்ந்திருக்க முடியும் என்று யோசித்து நின்றதில் என் பின்னால் வரிசை நீண்டுவிட்டது. சாக்லேட் டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு தப்பித்தேன்.

தங்கியது வெள்ளவத்தையில், தவமணி வீட்டில். தவமணி யாழ்ப்பாணத்துக்காரி. திருச்சியில் என்னோடு எம்.எஸ்சி. படித்தவள். விடுதியில் என் ஊறுகாயைத் தின்று தீர்த்தவள். இப்போது காலி வீதி என்கிற பெரிய சாலையிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில், அதாவது சந்தில், மாடி வீட்டில், கணவர் குலசேகரத்தோடு இருக்கிறாள். வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே ரயில் பாதை. ரயில் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு, போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வார்கள். இரண்டாவது ரயிலில் எனக்கும் பழகிவிட்டது.

இரவுச் சாப்பாடு இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். நம் ஊரில் இடியாப்பம் என்று ஒரு கால் போட்டு இழுப்போம். இங்கே அந்தக் கால் கிடையாது. ஆனால் சொதியில் நனைந்த அந்த மெல்லிய சிவப்பு நூலைத் தின்றபிறகு இலக்கணச் சண்டைக்கு மனசு வரவில்லை.

மறுநாள் காலை வைன் வாங்கக் கிளம்பினேன். ஒழுங்கை முனையில் தேங்காய் விற்கிறவரிடம் வழி கேட்டேன். "இந்தியாவோ?" என்றார். எப்படித் தெரிந்தது என்றேன். "நாடகத்தில வாற ஆக்கள் மாதிரிக் கதைக்கிறீங்கள்" என்றார். எங்கள் தொலைக்காட்சித் தொடர்கள் கடல் தாண்டி இத்தனை அழிவு செய்திருப்பது அன்றுதான் தெரிந்தது.

அவர் காட்டிய சூப்பர் மார்க்கெட்டில் கடைசி வரிசை முழுக்கப் போத்தல். இங்கே யாரும் பாட்டில் என்பதில்லை, போத்தல்தான். ஆனால் அலமாரிக்குக் குறுக்கே ஒரு திரை. அலங்காரம் முடியுமுன் சந்நிதியில் போட்டிருப்பார்களே, அதே மாதிரி. நான் பழக்க தோஷத்தில் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். திரை விலகவில்லை. அன்று பௌர்ணமி. போயா நாளில் நாடு முழுக்க மது விற்பனை கிடையாதாம். நிலா முழுசாக இருந்தால் கடை மூடல்! எங்கள் ஊரில் காந்தி பிறந்தால்தான் மூடுவார்கள், இங்கே மாதா மாதம் நிலாவே பார்த்துக்கொள்கிறது.

அன்று வேறு வேலை இல்லாததால் கடற்கரைத் தண்டவாளத்தோரம் உட்கார்ந்து மாலுபாண் தின்றேன். உள்ளே மீன் வைத்து முக்கோணமாகச் சுட்ட பன். ஒன்றில் நிறுத்தியிருக்கலாம்.

அடுத்த நாள், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், தவமணியும் நானும் போனோம். திரை விலகியிருந்தது. ஒரு மணிநேரம் லேபிள் படித்தேன். ஆட்டுத்தலை போட்டது ஒன்று, கங்காரு போட்டது ஒன்று, பாழடைந்த கோட்டை போட்டது ஒன்று. சம்பந்தி வீட்டுக்கு மிருகம் கொண்டுபோக மனமில்லாமல் கோட்டையைச் சிவப்பிலும், ஒரு பூ மட்டும் போட்டிருந்ததை வெள்ளையிலும் எடுத்தேன். கல்லாவில் இருந்த பையன் என்னைப் பார்த்தான், போத்தலைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான்.

"கேனுன்ட பே, நோனா."

தவமணி காதோடு மொழிபெயர்த்தாள். "பொம்பிளையளுக்கு விக்க ஏலாதாம்."

அப்படி ஒரு சட்டம் நிஜமாகவே இருக்கிறது. பல கடைகளில் யாரும் அதைச் சட்டை செய்வதில்லையாம். நல்ல பையனாகப் பார்த்து நான் மாட்டிக்கொண்டேன். உலகத்திலேயே முதல் பெண் பிரதமரைத் தேர்ந்தெடுத்த நாடு தம்பி இது, என்று தமிழில் தொடங்கி ஆங்கிலத்தில் முடித்தேன். அவனுக்கு வெட்கமாகிவிட்டது. எழுந்து போய் மாதுளம்பழச் சாறு இரண்டு பெட்டி கொண்டுவந்து, "இதுவும் சிவப்பு" என்பது போல வைத்தான். அவன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

ஆம்பிளை வேண்டும். வீட்டில் இருந்த ஒரே ஆம்பிளை குலசேகரம்.

"ஐயோ தங்கச்சி, நான் கோயில் பரிபாலன சபையில இருக்கிறன். வெள்ளவத்தையில என்னைத் தெரியாத சனம் இல்லை. ஒரு போத்தலோட கண்டால், பொழுதுபடமுன்னம் கதை யாழ்ப்பாணம் போயிடும்."

"அப்ப வேற இடத்தில வாங்குங்கோவன்" என்றாள் தவமணி. ரயில் ஒன்று போனது. போனதும் தொடர்ந்தாள். "பொரளையில ஆர் உங்களைக் காணப்போகினம்?"

அப்படித்தான் நானும் குலசேகரமும் ஓட்டோவில் பொரளைக்குப் போனோம். அவர் தொப்பி போட்டிருந்தார், கறுப்புக் கண்ணாடியும். ஓட்டோக்காரரிடம் வைன் கடை என்று சொல்ல நா எழாமல், "கனத்தைப் பக்கம் விடுங்கோ" என்றார். கனத்தை என்பது பொரளையிலுள்ள பெரிய மயானம். ஓட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். ஒரு வயசான மனிதர், கறுப்புக் கண்ணாடி, பக்கத்தில் ஒரு பெண், பேச்சில்லை. மரியாதையாகப் பாட்டை நிறுத்தினார். மெதுவாக ஓட்டினார். நேரே மயான வாசலில் கொண்டுபோய் விட்டு, இறங்கும்போது சிங்களத்தில் ஏதோ சொல்லித் தலைகுனிந்தார். துக்கம் விசாரித்தாராம். குலசேகரம் அதற்கு நன்றியும் சொன்னார். வேறென்ன செய்வார் பாவம்.

அங்கிருந்து வெயிலில் நடந்து கடைக்கு வந்தோம். இரும்புக் கம்பி போட்ட ஜன்னல், அதில் ஒரு சிறு வாசல், அதன்முன் நீண்ட வரிசை. வரிசை முழுக்க ஆண்கள். நான் எதிர்ப்பக்க நடைபாதையில், ஒரு மருந்துக்கடை நிழலில் நின்றேன். வாங்கத்தானே கூடாது, பார்க்கத் தடையில்லை.

குலசேகரத்தின் முறை வந்தது. அவர் குனிந்து உள்ளே ஏதோ பேசிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி! சிவப்பில நாலு இருக்காம். எது?"

"இனிப்பு இல்லாதது!" என்று கத்தினேன். வரிசை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

"எந்த நாடு?"

"எந்த நாடா இருந்தாலும் கார்க் போட்டதா கேளுங்க! திருகுமூடி வேண்டாம்!" இது மகளின் உத்தரவு. நல்ல வைனும் இப்போது திருகுமூடியோடு வருகிறதாம். ஆனால் பரிசாகக் கொடுத்தால் சோடா மாதிரி இருக்குமாம்.

சம்பந்தி வீட்டுக்கு என்று குலசேகரம் சொல்ல, வரிசைக்கு விஷயம் புரிந்துவிட்டது. இனி இது எல்லாருடைய பொறுப்பு. சாரம் என்கிற லுங்கி கட்டிய பெரியவர் ஒருவர் சிங்களத்தில் சொன்னதை மற்றொருவர் எனக்குத் தமிழில் கத்தினார். "அக்கா, வைன் எதுக்காம்? அது மருந்துக்குத்தானாம். சாராயம் ஒண்டு குடுத்தா சம்பந்தி சந்தோசப்படுவாராம்!" இன்னொருவர் கோழிக்கு வெள்ளை, மாட்டுக்குச் சிவப்பு என்று விளக்கினார். பன்றிக்கு எது என்பதில் வரிசை இரண்டாகப் பிரிந்தது. கடைக்காரர் பொறுமையாகப் போத்தல்களைக் கம்பி வழியே ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்ட, நான் தெருவுக்கு இந்தப்பக்கம் நின்று கைகாட்டினேன். சில்க்ஸ் கடையில் புடவை எடுத்துப்போடச் சொல்கிற சுகம் அதில் கொஞ்சம் இருந்தது.

கடைசியில் சிலி நாட்டுச் சிவப்பு ஒன்று, தென்னாப்பிரிக்க வெள்ளை ஒன்று முடிவானது. குலசேகரம் இரண்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பினார். அப்படியே நின்றுவிட்டார். வரிசையில் அவருக்கு இரண்டு பேர் பின்னால், தொப்பி போட்டுக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு ஒருவர் நின்றார். அவருடைய கோயில் சபைத் தலைவர்.

"சிநேகிதர் ஒராளுக்கு" என்றார் குலசேகரம்.

"எனக்கும் சிநேகிதருக்குத்தான்" என்றார் தலைவர்.

"நல்லது."

"ஓம், நல்லது."

ஓட்டோவில் வெள்ளவத்தைக்குத் திரும்பினோம். வீட்டு வாசலில் குலசேகரம் சொன்னார். "இனி அந்தாள் கூட்டத்தில என்னை ஒண்டும் கேட்க மாட்டார்." குரலில் ஒரு திருப்தி இருந்தது.

கிறிஸ்துமஸ் காலையில், போத்தல்களைத் தங்கநிறப் பைகளில் போட்டுக் கழுத்தில் ரிப்பன் கட்டி, கடலோர ரயிலில் கோட்டை ஸ்டேஷனுக்குப் போனேன். ஒரு பக்கம் அலை, ஒரு பக்கம் சுவர். வாசலில் தொங்கிய பையன்களின் சட்டை காற்றில் உப்பியது. ஒரு குலுக்கலில் பைகள் இடித்துக்கொள்ள, பெட்டி முழுக்க 'ணங்' என்று கேட்டது. எதிரே இருந்த கன்னியாஸ்திரி என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். மடியில் பிடித்துக்கொண்டேன். பிள்ளையை எடுத்துப்போவது போலத்தான் கொண்டுபோனேன்.

கோட்டையிலிருந்து ஓட்டோவில் கொட்டாஞ்சேனை. வெள்ளவத்தையை விட நெருக்கம், பழமை, சத்தம். கோயிலும் தேவாலயமும் மாறி மாறி வந்தன. பூசை முடிந்து புதுச்சட்டையோடு ஜனங்கள் தெருவை அடைத்து நடந்தார்கள். குறுக்குத்தெரு ஒன்றில், வாசலில் காகித நட்சத்திரம் தொங்கிய சின்ன வீடு. ரொஷானின் அம்மா பிலோமினா வாசலிலேயே நின்றார். என் வயசுதான். கையைப் பிடித்து, "வாங்க அக்கா, வாங்க, வெயில்ல வந்திருக்கிறீங்க" என்றபடி உள்ளே அழைத்தார். அப்பா பீற்றர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒல்லி, வெள்ளைச் சட்டை, தலையை அழுத்தி வாரியிருந்தார். "டீச்சர், இருங்க" என்று மின்விசிறிக்கு நேரே இருந்த நாற்காலியை எனக்குத் தந்தார்.

இரண்டு பேரையும் எனக்கு உடனே பிடித்துவிட்டது. அந்த வேகத்திலேயே பைகளை எடுத்து நீட்டினேன். "ஹேப்பி கிறிஸ்துமஸ். உங்க மேசைக்கு."

பிலோமினா வாங்கினார். ரிப்பனை விலக்கி உள்ளே பார்த்தார். அவர் முகத்திலிருந்து ஏதோ இறங்கிப்போனது. பீற்றரைப் பார்த்தார். பீற்றர் பையைப் பார்த்தார்.

மாட்டிறைச்சிக்கு வெள்ளை வாங்கிவிட்டேனோ என்றுதான் முதலில் நினைத்தேன். சத்தியமாக.

பீற்றர்தான் பேசினார். "ரொஷான் உங்களுக்குச் சொல்லல்ல."

"என்னத்தை?"

"நான் குடிகாரன், டீச்சர்." வானிலை அறிக்கை வாசிக்கிற குரலில் சொன்னார். "இப்ப குடிக்கிறதில்ல. மகன் ஓ லெவல் பரீட்சை எழுதின வருசத்தில விட்டது. அதுக்குப் பிறகு இந்த வீட்டுக்குள்ள ஒரு போத்தல் வந்ததில்ல. வாற சனத்துக்கெல்லாம் தெரியும், ஒருத்தரும் கொண்டுவர மாட்டாங்க. உங்களுக்குத் தெரியாது. உங்க பிழை இல்ல."

அந்தப் பாழாய்ப்போன கார்க், அந்தப் பாழாய்ப்போன ரிப்பன்! "நான் திருப்பி எடுத்துட்டுப் போயிடறேன்" என்று பைகளுக்குக் கை நீட்டினேன்.

"கிறிஸ்மஸுக்கு வந்ததைத் திருப்பி அனுப்புறதா? அது சரியில்ல." அவர் எழுந்தார். "அண்ணன் வீட்டில இண்டைக்கு நிறைய ஆக்கள். அங்க குடுத்திட்டு வாறன்."

"ஓட்டோக்காரங்க யாரையாவது அனுப்பலாமே" என்றேன்.

"இல்ல. நானே கொண்டுபோறன்."

பிலோமினா அவரைத் தடுக்கவில்லை. பைகளைக் கொடுத்துவிட்டு, "வெயில், தொப்பியப் போட்டுக்கொண்டு போங்க" என்று மட்டும் சொன்னார்.

அவர் இரண்டு கைகளிலும் இரண்டு தங்கப் பைகளோடு தெருவில் இறங்கிப் போனார். பிலோமினா வாசலில் நின்று, முனை திரும்பும்வரை பார்த்தார். பிறகு வந்து என் எதிரே உட்கார்ந்தார். மேசையில் மஞ்சள் சோறும் கோழிக்கறியும் கட்லட்டும் கத்தரிக்காய் மோஜுவும் துணி போட்டு மூடியிருந்தன. மணம் ஆளைத் தூக்கியது. சாப்பிடத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

"அண்ணன் வீடு தூரமா?"

"பக்கத்துல தான். தேவாலயத்துக்குப் பின்னால."

பக்கத்துத் தெருவுக்குப் போனவர் வரவில்லை. தெருவில் பட்டாசு வெடித்தது. யாரோ ஒரு வீட்டில் பைலாப் பாட்டு. பிலோமினா முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார்.

"முந்தி இப்பிடித்தான் அக்கா இருப்பேன்" என்றார். "சம்பளம் எடுக்கிற நாள்ல வாசல்லயே. துறைமுகத்து முடுக்குல விழுந்து கிடக்கிறார் எண்டு ஆள் வந்து சொல்லும். ரொஷான்தான் போய்க் கூட்டிவருவான். ஸ்கூல் யூனிபோமோட. அதாலதான் பிள்ளை வெளிய சொல்றதில்ல. வெக்கம்."

என்னை வைன் வாங்கச் சொன்னது என் மகள். அவளிடம் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் இருந்தது ரொஷான். கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவளிடம் அப்பாவை மறைத்திருக்கிறான். நெருப்புப் பெட்டியைப் பட்டாசுக் கடைக்குள் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்.

"நான் போய்ப் பார்த்துட்டு வரட்டுமா?" என்றேன்.

"வேணாம் அக்கா." உடனே சொன்னார். "பின்னால ஆள் அனுப்பினா அவருக்குத் தெரியும். நான் நம்பல்ல எண்டு நினைப்பார்."

கறியின்மேல் எண்ணெய் படிந்து உறைந்தது. என் வேதியியல் எல்லாம் என் தலைக்குள் ஒரே சமன்பாட்டைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தது. ஒரு மனிதர், இரண்டு போத்தல்.

வாசலில் நிழலாடியது. பீற்றர். சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. ஒரு கையில் பெரிய தட்டு, லவ் கேக். இன்னொரு கையில் ஜிஞ்சர் பியர்; பெயரில்தான் பியர், வெறும் இஞ்சிச் சோடா.

"ஃபாதரைச் சந்திச்சிட்டன்" என்றார் மூச்சு வாங்க. "பை ரெண்டையும் பார்த்திட்டு, என்ன பீற்றர் எண்டார். இவ்வளவும் விளங்கப்படுத்திறதுக்குள்ள நேரம் போயிட்டுது. பிறகு அண்ணி கேக் வெட்டுமட்டும் விடல்ல."

பிலோமினா அவர் கிட்டப் போனார். தட்டை வாங்குகிற சாக்கில் முகத்தை அவர் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மூச்சை இழுத்தார். அவருக்கும் அது தெரிந்தது. அசையாமல் நின்று, வாயைத் திறந்து 'ஹா' என்று ஊதிக் காட்டினார். பிலோமினா அவர் தோளில் ஓங்கி ஒரு அடி போட்டுவிட்டுச் சிரித்தார். சிரிப்பு நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"டீச்சர்" என்றார் பீற்றர், உட்கார்ந்ததும். "உங்க மகள் வாறதுக்கு முந்தி நீங்க இதைத் தெரிஞ்சிருக்க வேணும். இப்ப தெரியும். சாப்பிட்டுட்டு யோசிச்சுச் சொல்லுங்க. என்ன சொன்னாலும் எங்களுக்குக் கோவம் இல்ல."

சாப்பிட்டேன். சூடாக்கிய கோழிக்கறியை மூன்று முறை போட்டுக்கொண்டேன். லவ் கேக்கில் முந்திரியும் ரவையும் ரோஜாத் தண்ணீரும் தேனும் சேர்ந்து பல்லில் ஒட்டின. ஜிஞ்சர் பியர் மூக்குக்கு ஏறியது. அதற்கு எந்த நிற மாமிசம் பொருந்தும் என்று யாரும் கேட்கவில்லை.

அப்போது தோஹாவிலிருந்து நிவேதா கூப்பிட்டாள். "அம்மா, எப்படிப் போச்சு? வைன் புடிச்சுதா அவங்களுக்கு?"

"உன் பக்கத்துல ரொஷான் இருக்காரா? அவங்க வீட்டுக்கு வைன் ஏன் கொண்டுபோகக் கூடாதுன்னு அவரைக் கேளு. எல்லாத்தையும் சொல்லச் சொல்லு. நான் வைக்கிறேன்" என்று வைத்துவிட்டேன்.

பிலோமினா தட்டுகளைக் கழுவினார். நான் துடைத்து அடுக்கினேன். பீற்றர் வாசலில் பக்கத்துவீட்டுக் குழந்தைகளுக்குக் கேக் துண்டு கொடுத்துக்கொண்டிருந்தார். கடைசித் தட்டைத் துடைக்கும்போது போன் மறுபடி அடித்தது. நிவேதாவின் குரல் கம்மியிருந்தது.

"எனக்குத் தெரியாதும்மா. நெஜமாவே தெரியாது." பிறகு கேட்டாள். "நீ என்னம்மா சொல்ற?"

"மாமனாரை எனக்குப் புடிச்சிருக்கு" என்றேன். "மாப்பிள்ளையைத்தான் இன்னும் யோசிக்கணும்."

அவள் அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. பின்னாலிருந்து ஒரு ஆண்குரல் தயங்கித் தயங்கி, "சொரி ஆன்ட்டி" என்றது.

"எங்கிட்ட எதுக்குங்க?" என்றேன். வாசலுக்குப் போய், கையெல்லாம் கேக் துகளோடு நின்ற பீற்றரின் காதில் போனை வைத்தேன்.